உப்புக்காற்றும் வாயுச் சுழலிக் கப்பல்களும்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள உப்பளப் பகுதி. இங்கு விளைந்த உப்பு பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தோணிகளில் சென்னைக்குச் சென்றது. கோலூன்றியும் பாய் விரித்தும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் அத்தோணிகளை நகர்த்தினர். அவற்றுக்கு உப்பு சரக்கு. இதே வங்கக்கடலில் பின்னாளில் ஓடிய வாயுச் சுழலிக் கப்பல்களுக்கு உப்பு பகை.

கேஸ் டர்பைன் எனப்படும் வாயுச் சுழலி விமானத்திலிருந்து கடலுக்கு வந்த இயந்திரம். 1947-ல் பிரிட்டனின் எம்.ஜி.பி. 2009 என்னும் சிறு பீரங்கிப் படகில், ஜெட் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்துப் பொருத்தினர். நீராவிக் கப்பல் கொதிகலனைச் சூடேற்றிப் புறப்படப் பல மணி நேரம் ஆகும். சுழலிக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அது ஏராளமான காற்றை உறிஞ்சுவது. உப்பளக் கரையில் ஜன்னல் கம்பியை அரிக்கும் அதே காற்றுதான் கடலில் அதற்குக் கிடைப்பது. உப்பு முதலில் அமுக்கியின் தகடுகளில் படிந்து திறனைக் குறைக்கும். எரியறையைக் கடந்தபின் எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட்டாகி, உருகிய நிலையில் நிக்கல் உலோகக்கலவைத் தகடுகளையே தின்னும். ஆகவே காற்று நுழையும் வழியில் நீர்த்துளி பிரிப்பான்கள் தேவை. அமுக்கியை அவ்வப்போது நன்னீரால் கழுவவும் வேண்டும்.

இந்தியாவில் இவ்வரலாற்றின் முக்கியக் கப்பல்களில் ஒன்று ஐ.என்.எஸ். ராஜ்புத். உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரில் கட்டப்பட்ட இந்த நாசகாரிக் கப்பல் 4 மே 1980 அன்று கடற்படையில் சேர்ந்தது. நான்கு சுழலிகள், இரு சுழல்விசிறிகள். முதல் கட்டளை அதிகாரி, பின்னர் இந்தியக் கடற்படையின் வரலாற்றை நூல்களாக எழுதிய குலாப் மோகன்லால் ஹீரானந்தானி. இலங்கையில் அமைதிப்படை இருந்த காலத்தில் இக்கப்பல் அக்கரையோரம் ரோந்து சென்றது. 41 ஆண்டுகள் உப்புக்காற்றைக் குடித்தபின் 21 மே 2021 அன்று விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது.

சுழலியை வாங்குவதைவிடப் பேணுவதே கடினம். 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது சுழலித் தொழிற்சாலை உக்ரைனிலும், கப்பல் கட்டும் தளங்களில் பல ரஷ்யாவிலும் நின்றன. 2000-ல் விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். எக்சிலா என்னும் பழுதுபார்ப்பு மையம் அமைந்தது. விமானத்துக்கென வடிவமைத்த காவேரி இயந்திரத்தின் கடல்வடிவமும் அந்நகரில் சோதிக்கப்பட்டது. ஆனால் போர்க்கப்பல் எதையும் அது இன்னும் ஓட்டவில்லை. 2022-ல் சேர்ந்த விக்ராந்தை இயக்குபவை அமெரிக்க வடிவமைப்பான நான்கு எல்.எம். 2500 சுழலிகள். 9 டிசம்பர் 2024 அன்று ரஷ்யாவின் கலினின்கிராட்டில் சேர்ந்த ஐ.என்.எஸ். துஷீலில் உள்ளவை உக்ரைன் சுழலிகள். போரிடும் இரு நாடுகளின் உழைப்பும் ஒரே கப்பலில்.