சகோதரி சுப்புலட்சுமி

சகோதரி சுப்புலட்சுமி (ஆர். எஸ். சுப்புலட்சுமி, 1886–1969) சென்னை மாகாணத்தில் பெண் கல்விக்கும் இளம் விதவையரின் மறுவாழ்வுக்கும் வழிவகுத்த கல்வியாளர், சமூக சீர்திருத்தவாதி.

இளமையும் கல்வியும்

சென்னை மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சிக்கும் மகளாகப் பிறந்தார். பூர்வீகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் நடந்தது. விரைவிலேயே கணவர் இறந்தார். தலையை மழித்து, நகைகளைக் களைந்து, வீட்டுக்குள்ளேயே முடக்கிவைப்பதே அந்நாளில் பிராமண விதவைக்கு விதித்த வாழ்வு. பெற்றோர் அதற்கு உடன்படவில்லை. மகளைப் படிக்க வைத்தனர். மாநிலக் கல்லூரியில் பயின்று 1911இல் முதல் வகுப்பில் தேறி, மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் ஆனார்.

விதவையர் இல்லம்

1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் இளம் விதவையர் சிலருடன் இல்லமும் அமைந்தது. கல்வித்துறை ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்ச் துணைநின்றார். அரசு உதவியும் கிட்டியது. பின்னர் இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுசுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுப்பிய கட்டடம் அது. ஆண் ஆசிரியரிடம் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம். விதவையரை ஆசிரியைகளாக்கியதால் அவர்களுக்குப் பிழைப்பும், பள்ளிகளுக்கு ஆசிரியைகளும் ஒருங்கே கிடைத்தனர்.

இல்லத்தில் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடமளித்தது கண்டனத்துக்கு உள்ளானது. வைதிகக் குடும்பங்கள் பெண்களை அனுப்ப அன்று இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இல்லத்துக்கு எதிரிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கும் அவர் பள்ளி நடத்தினார்.

பிற பணிகள்

1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் முதல் தலைமையாசிரியை அவர். சாரதா வித்யாலயா, வயது வந்த பெண்களுக்கான மயிலாப்பூர் ஸ்ரீ வித்யா கலாநிலையம் (1942) ஆகியவற்றையும் தோற்றுவித்தார். குழந்தை மணத்தை எதிர்த்தார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமேலவை உறுப்பினராக இருந்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இன்று

ஐஸ் ஹவுஸ் இப்போது விவேகானந்தர் இல்லம். சாரதா வித்யாலயாவை இராமகிருஷ்ண மிஷன் நடத்துகிறது.