பெர்லினில் கிடந்த பிரதியும் எங்கட பெட்டகமும்

1924இல் ஜேர்மனியின் ஃபிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் பட்ட ஆய்வு செய்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்-ததாவி, பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியொன்றைப் புரட்டினார். இப்னு சீனாவின் ‘கானூன்’ உடற்கூற்றுப் பகுதிக்கு இப்னு நபீஸ் எழுதிய உரை அது. இதயத்தின் நடுச்சுவரிலுள்ள துளைகளால் இரத்தம் வலமிருந்து இடம் போகிறதென்ற கலனின் கூற்றை ஆயிரம் வருஷமாக மருத்துவ உலகம் நம்பியிருந்தது. துளையே இல்லை, இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு சேர்ந்துதான் இடப்பக்கம் வருகிறதென்று 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு நபீஸ் எழுதிவிட்டார். ஐரோப்பாவில் செர்வேட்டஸ் இதை அச்சிட்டது 1553இல். (ஹார்வியின் 1628ஆம் ஆண்டு நூலையும் இப்னு நபீஸ் கணக்கில் எழுதும் நம்மட மேடைப்பேச்சு எனக்கு உடன்பாடில்லை. உடல் முழுதும் இரத்தம் சுற்றுவதை நிறுவியவர் ஹார்விதான்.)

என்ட மூத்தாப்பா பரிசாரி. அறபுத்தமிழில் அவர் எழுதிய இரண்டு வாகடக் கொப்பிகள் பெட்டகத்தில் கிடந்தன. அவர் மௌத்தான பிறகு, “வாசிக்க ஆளில்ல, அறபெழுத்தெண்டபடியால் குப்பையில போடவும் ஏலா” என்று உம்மா சொல்ல, களப்பில் கொண்டுபோய் விட்டவன் நான். அப்போது எனக்கு 16 வயசு. அறபுத்தமிழ் வாசிக்கப் பழகியது பல்கலைக்கழகம் போன பிறகு.

போன மாதம் பக்கத்து வீட்டு மூத்தம்மா ஒரு கொப்பியை நீட்டி, “மகன், இதக் களப்பில போட்டுடுங்க” என்றார். வாங்கி வந்து, தினம் இரண்டு பக்கம் படமெடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். முதல் பக்கம் இருமலுக்கான கசாயம்.