கூரைத் தண்ணீர் கிணற்றுக்கே



பட்டணத்துக்காரரிடம் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று இருக்கிறதுங்க. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டவர் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லதுதானே?

சென்னையில் தி.நகர் உங்களுக்குத் தெரிந்த இடந்தான். கல்யாணத்துக்குப் புடவை, நகை எடுக்கப் போகிறோமே, அந்த ஊர். அந்தப் பேட்டை எழும்பியதே ஒரு ஏரியைத் தூர்த்துத்தான். மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது மாம்பலம் ஏரி. 1920-களில் வீட்டு மனைக்காக அந்த நிலத்தை எடுத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். ஏரி போயிற்று, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஏரி போனாலும் வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளமும் சித்திரக்குளமும் இருந்தன. குளத்தில் தண்ணீர் நின்றால் அக்கம்பக்கத்துக் கிணற்றில் ஊறும். இந்தக் கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஆழ்குழாய்க் கிணறு வந்தது, மோட்டார் வந்தது. முற்றத்துக்கெல்லாம் சிமெண்டு போட்டார்கள். மாடியில் விழுந்த மழை தெருச் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போயிற்று. எடுத்துக்கொண்டே இருந்தார்கள், திருப்பிப் போடவில்லை. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட கதைதான்.

அடையாறுக்குத் தெற்கே பெசன்ட் நகர். கடலோர மணல் பூமி. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறிவிடும். கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தத் துன்பம் தெரியும். இதைப் பார்த்த சேகர் ராகவன் என்ற இயற்பியல் படித்தவர், 1995 வாக்கில் பெசன்ட் நகரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். மாடித் தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள், பூமிக்குள் விடுங்கள் என்றார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் விடவில்லை. 2002-ல் மந்தைவெளியில் மழை இல்லம் திறந்தார்கள். சேமிக்கும் முறையை மாதிரி வைத்துக் காட்டினார்கள்.

2003-ல் கடும் வறட்சி. அந்த ஜூலையில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு, எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்றது. அடுத்து வந்த நல்ல மழைகளில் கிணறுகள் ஏறின. ஆனால், பல வீட்டில் பெயருக்குக் குழாய் வைத்ததோடு சரி. குழி அடைத்துப் போனதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விளைவு என்ன? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இரண்டே வருஷம் கழித்து, 2021 நவம்பர் மழையில், அதே தி.நகரில் தெருவெல்லாம் வெள்ளம். பள்ளம் பார்த்துப் போவது தண்ணீரின் குணம். ஏரி இருந்த இடத்தை அது மறக்குமா?

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழுகிறது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. தெறித்தது, ஆவியானது, முதல் மழையில் கழித்தது எல்லாம் போக, ஒரே வீட்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் தேறும். உங்கள் ஊரில் மழை பாதிதான் என்றாலும் ஐம்பதாயிரம் லிட்டர். இதை விட்டுவிட்டு லாரித் தண்ணீர் வாங்குவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மாதிரி.

செய்யும் முறை சுலபம். ஓட்டு வீடோ, மாடி வீடோ, கூரைத் தண்ணீரை ஒரு குழாயில் சேருங்கள். கிணற்றோரம் மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு தொட்டி கட்டுங்கள். அடியில் பெரிய கல், நடுவில் கூழாங்கல், மேலே பருமணல். அதில் வடிந்த தண்ணீர் கிணற்றுக்குப் போகட்டும். ஒன்றிரண்டு முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். தூசியும் எச்சமும் கழுவிக்கொண்டு போகும். ஆடிக்குள் மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். மாட்டுக்கொட்டில் தண்ணீர், குளித்த தண்ணீர் அந்தத் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. குளித்த தண்ணீரை வாழைக்கு விடலாம். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் காய்ச்சுவதை மட்டும் விடாதீர்கள்.

ஒரு குழாய், ஒரு சிறு தொட்டி, வீட்டு ஆட்களின் இரண்டு நாள் உழைப்பு. இதற்கு மேல் செலவு இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தாலோ, ஏரிக்குள் மனைக்கல் நட யாராவது வந்தாலோ, மாம்பலம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். தூர்த்த ஏரியை மறுபடி வெட்டுவது லேசான காரியமில்லை. உங்கள் ஏரி இன்னும் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மண்வெட்டியோடு ஒரு நாள் எல்லாரும் கூடுங்கள்.