இரண்டு மில்லிமீட்டரில் ஓசூர் ரயில்

ஓசூர் என்றால் சிப்காட், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ரயிலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் பஸ் ஏறினால் வேலை முடிந்தது! ஆனால் ஒரே நூற்றாண்டுக்குள் மூன்று வெவ்வேறு அகலங்களில் தண்டவாளம் பார்த்த ஊர் இது. 1913-ல் வந்தது 2 அடி 6 அங்குலப் பாதை. 1960-களில் வந்தது மீட்டர் பாதை. 1990-களில் அதையும் மாற்றி 5 அடி 6 அங்குல அகலப் பாதை போட்டார்கள். முதல் பாதைக்கும் இரண்டாவது பாதைக்கும் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயிலே கிடையாது.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள, சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு பொழுதுபோக்கு உதவும். அதுதான் மிகச் சிறிய அளவில், கணக்குப் பிசகாமல் ரயில் மாடல் செய்யும் கலை. மேசை மேல் ஓடும் பொம்மை ரயிலை எல்லோரும் பார்த்திருப்போம். இது அதிலிருந்து கொஞ்சம் வேறு. இங்கே தண்டவாளத்தின் அகலம், உயரம், சக்கரத்தின் விளிம்பு என்று எல்லாம் நிஜத்தின் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்ற பேச்சே கிடையாது.

மாடல் ரயில்களுக்கு அளவு எண் வைத்து விற்கத் தொடங்கியது ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம். 1891-ல் லைப்சிக் சந்தையில் அது தொடங்கிய வழக்கம் பிறகு உலகம் முழுவதும் பரவியது. வீடுகள் சிறிதாகச் சிறிதாக மாடல்களும் சிறிதாயின. 32 மி.மீ. அகலத் தண்டவாளம் பாதியாகி 16.5 மி.மீ. ஆனது. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் அர்னால்ட் நிறுவனம் 9 மி.மீ. தண்டவாளத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'என்' கேஜ். ஆங்கிலத்தில் நைன், ஜெர்மனில் நோய்ன், பிரெஞ்சில் நஃப் என்று ஒன்பதுக்கு எல்லா மொழியிலும் அதே முதல் எழுத்து என்பதால் வந்த பெயர். (தமிழில் வைத்திருந்தால் 'ஒ' கேஜ் ஆகியிருக்கும். ஏற்கெனவே இருக்கும் 'ஓ' கேஜோடு குழம்பியிருக்கும்!) 1972-ல் மார்க்லின் அதையும் தாண்டி 6.5 மி.மீ. அகலத்தில் 'இசட்' கேஜ் வெளியிட்டது. 2000-களில் ஜப்பானில் 3 மி.மீ. அகலத்தில் 'டி' கேஜ் வந்தது. அதில் என்ஜின் வழுக்காமல் இருக்கக் காந்தத்தின் துணை வேண்டியிருந்தது. அவ்வளவு எடை குறைவு.

சிறிதாக்குவதில் ஒரு தந்திரம் ஒளிந்திருந்தது. 9 மி.மீ. என்பது ஐரோப்பாவின் 4 அடி 8½ அங்குலப் பாதையை 160-ல் ஒரு பங்காகக் குறைத்தால் வருவது. அங்கே கணக்கு சரி. பிரிட்டனில் என்ஜின்கள் உருவத்தில் சிறியவை, அன்றைய மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் உடலை மட்டும் 148-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் விட்டார்கள். ஜப்பானில் நிஜப் பாதையே 1067 மி.மீ.தான். அதையும் 150-ல் ஒரு பங்கு என்று சொல்லிக்கொண்டு அதே 9 மி.மீ.-ல்தான் ஓட்டினார்கள். கணக்குப்படி 7 மி.மீ. சொச்சம்தான் வந்திருக்க வேண்டும். கடையில் கிடைப்பது 9 என்பதால் உலகமே 9 ஆகிவிட்டது.

இதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இங்கிலாந்தில் எச்.பி.வால் போன்ற சிலர், ஓர் அடிக்கு 2 மில்லிமீட்டர் என்ற கணக்கில் தாங்களே எல்லாவற்றையும் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அதாவது சுமார் 152-ல் ஒரு பங்கு. 1960-ல் இவர்களுக்கென்று '2 எம்.எம். ஸ்கேல் அசோசியேஷன்' உருவானது. இவர்களின் தண்டவாள அகலம் 9 அல்ல, 9.42 மி.மீ. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசத்துக்காக சக்கரம், அச்சு, பாயிண்ட் என அத்தனையையும் தனியாகச் செய்தார்கள். லண்டனில் 1910-ல் தொடங்கிய 'மாடல் ரயில்வே கிளப்'பின் உறுப்பினர்கள் 1980-களில் ஆரம்பித்த 'கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ்' இந்த அளவில் செய்யப்பட்டவற்றுள் மிகப் பெயர் பெற்றது. கிங்ஸ் கிராஸ் நிலையத்தை ஒட்டிய வடக்கு லண்டன் முழுவதையும், இரு போர்களுக்கு நடுவே இருந்த நிலையில், தெருத் தெருவாகக் கட்டினார்கள். பத்து வருடம், இருபது வருடம் என்று வேலை நீண்டுகொண்டே போனது.

அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். தண்டவாளத்தின் உயரத்தைப் பாருங்கள், விஷயம் புரியும். இந்திய ரயில்வேயின் 52 கிலோ தண்டவாளம் 156 மி.மீ. உயரம். 2 மி.மீ. அளவில் இது ஒரு மில்லிமீட்டர்தான் வரும். ஆனால் பல ஆண்டுகளாகக் கடையில் விற்ற சாதாரண 'என்' தண்டவாளத்தின் உயரம் 2 மில்லிமீட்டர். நிஜத்தில் அது ஒரு அடி உயரத் தண்டவாளம்! சக்கரம் கீழே இறங்காமல் தடுக்கும் உள்விளிம்பும் அப்படித்தான். பழைய மாடல்களில் அது பீட்சா வெட்டும் உருளை போலப் பெரிதாக இருக்கும் என்று கிண்டல் செய்வார்கள். துல்லிய மாடலில் பாயிண்ட்டில் சக்கர விளிம்பு நுழையும் இடைவெளி அரை மில்லிமீட்டர். தாமிரம் பூசிய மின்சுற்று அட்டையைக் குச்சி குச்சியாக வெட்டி அதைக் கட்டையாக வைத்து, மேலே தண்டவாளத்தை சால்டரிங் செய்து ஒட்ட வேண்டும். இரண்டு தண்டவாளமும் மின்சாரத்தில் ஒன்றாகிவிடாமல் இருக்க ஒவ்வொரு குச்சியிலும் நடுவே தாமிரத்தை ஒரு கோடு அராவி எடுக்க வேண்டும். ஒரு குச்சியை மறந்தாலும் ரயில் நகராது. எந்தக் குச்சி என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இப்போது ஓசூருக்கு வருவோம். அடிக்கு 2 மி.மீ. என்ற அந்தக் கணக்கை ஓசூரின் மூன்று பாதைகளுக்கும் போட்டால், 2 அடி 6 அங்குலம் சரியாக 5 மி.மீ. ஆகிறது. மீட்டர் பாதை 6.56 மி.மீ. 5 அடி 6 அங்குலம் சரியாக 11 மி.மீ. கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் இந்த அளவில் 4 அடி 6 அங்குலத்துக்குச் சமம். அது ஓசூர் ஒருபோதும் பார்க்காத அகலம்!

வேறு ஊரில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிடலாம். புனேயில் இருக்கும் ஜோஷியின் குட்டி ரயில் அருங்காட்சியகம் 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. அந்த 87-ல் ஒரு பங்கு அளவில் இந்திய அகலப் பாதை 19 மி.மீ.-க்கு மேல் வர வேண்டும். அதனால் பார்க்கிறவர்களின் மகிழ்ச்சி ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஓசூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் நடந்ததெல்லாம் அகலத்தால் நடந்தது. அதை மழுப்பினால் சொல்வதற்குக் கதையே மிச்சமிருக்காது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தன. பஞ்சத்துக்குப் பிறகு 1880-ல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன், தானியத்தை உள்ளூர் வரை கொண்டுபோக ரயில் வேண்டும் என்றது. மழை குறைந்த இந்த மேட்டு நிலத்துக்கு லாபக் கணக்குப் பார்த்தால் யாரும் ரயில் போட மாட்டார்கள். ஆகவே மிகக் குறைந்த செலவில் போட வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் எவரார்ட் கால்த்ராப் 1897-ல் ஓட விட்ட பார்சி ரயில், 2 அடி 6 அங்குலத்திலும் நல்ல பாரம் இழுக்கலாம் என்று காட்டியிருந்தது. குறுகிய பாதை என்றால் வளைவை இறுக்கமாக வைக்கலாம், பாறையைக் குறைவாக வெட்டலாம், மெல்லிய தண்டவாளம் போதும்.

அப்படித்தான் 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் பாதை வந்தது. இரண்டாவது பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூருக்கு அந்தச் சின்ன என்ஜின்கள் மேடேறின. கால்கா - சிம்லா ரயிலில் போனவர்களுக்கு இந்த அகலம் கண்ணில் நிற்கும். அதே 2 அடி 6 அங்குலம்தான். நம் ஊட்டி ரயில் மீட்டர் பாதை. அதைவிடவும் ஒல்லியானது ஓசூர் ரயில்.

செலவு குறைந்தது, ஆனால் வேறொரு செலவு கூடியது. ஜோலார்பேட்டை - சேலம் பெரிய பாதை 5 அடி 6 அங்குலம். அதன் வண்டி குறுகிய பாதையில் ஏறாது, இதன் வண்டி அங்கே ஓடாது. மொரப்பூரிலும் திருப்பத்தூரிலும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏற வேண்டும். கூலி, நேரம், சிந்துவது, சிதறுவது எல்லாம் அதில் சேரும். லாரி வந்த பிறகு இப்படிப்பட்ட கிளைப் பாதைகளால் எதிர்த்து நிற்க முடியவில்லை. லாரி நேராக மண்டி வாசலில் போய் நிற்குமே! இரண்டாம் உலகப் போர் வந்தபோது இரும்புக்குத் தேவை பெருகியது. நாடெங்கும் லாபம் தராத கிளைப் பாதைகளைத் தேடி மூடினார்கள். 1940-களின் தொடக்கத்தில் இந்தப் பாதைகளும் மூடப்பட்டன. தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டது. பஞ்சத்துக்காக வந்த ரயில் போருக்காகப் போனது.

1960-களில் சேலம் - பெங்களூரு மீட்டர் பாதை தருமபுரி, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூரைத் தொட்டது. கிருஷ்ணகிரி ஒதுங்கிப்போனது. 1970-களிலும் 80-களிலும் ஓசூரில் தொழிற்சாலைகள் முளைத்தபோது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது இந்த மீட்டர் பாதைதான். பெங்களூருவிலும் சேலத்திலும் பெரிய பாதை இருக்க, நடுவில் இது மீட்டர். மறுபடியும் அதே மாற்றி ஏற்றும் தொல்லை. 1990-களில் அகலப் பாதை வந்த பிறகுதான் அது தீர்ந்தது.

இவற்றை 2 மி.மீ. அளவில் செய்யப் புகுந்தால் மூன்றும் மூன்று விதமான வேலை. மீட்டர் பாதைக்கு மார்க்லினின் 6.5 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்திவிடும். 0.06 மி.மீ. வித்தியாசத்தை எந்தக் கறாரான ஆளும் மன்னித்துவிடுவார். கட்டைகள் மட்டும் மிக நெருக்கமாக இருக்கும், பிரித்து மாற்ற வேண்டும். 11 மி.மீ., 5 மி.மீ. இரண்டையும் கையாலேயே போட வேண்டும். 5 மி.மீ.-ல் என்ஜினுக்குள் மோட்டார் வைப்பதுதான் பெரிய சோதனை. கைப்பேசியை அதிரவைக்கும் மோட்டார் போன்ற பென்சில் தடிமன் மோட்டார்கள் வந்த பிறகு அதற்கும் வழி பிறந்திருக்கிறது.

இடம் பெரிய பிரச்சினை இல்லை. ஒரு கிலோமீட்டர் பாதை சுமார் ஆறரை மீட்டரில் அடங்கும். ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று 14.6 செ.மீ. வரும். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் மூன்றரை மீட்டர், ஒரு நடுத்தர வீட்டுக் கூடத்தின் சுவர் நீளம். 16.5 மி.மீ. தண்டவாளத்து அளவில் இதே வண்டி ஆறு மீட்டரைத் தாண்டும், வாசலைத் திறந்து வைக்க வேண்டியதுதான். ஜல்லிக்குக் கிருஷ்ணகிரியை விட்டு எங்கும் போக வேண்டாம். 50 மி.மீ. கருங்கல் ஜல்லி இந்த அளவில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். கிரானைட் அறுக்கும் இடத்துத் தூளைச் சலித்தால் கல்லும் அதே கல்!

துல்லியத்துக்கும் இந்த வட்டாரம் அந்நியமில்லை. டைட்டன் 2002-ல் வெளியிட்ட 'எட்ஜ்' கைக்கடிகாரத்தின் உள் இயந்திரம் 1.15 மி.மீ. தடிமன்தான். 2 மி.மீ. அளவு தண்டவாளத்தின் உயரமும் ஏறக்குறைய அதுதான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்த்து வேலை செய்யும் டூல் ரூம்களும், கம்பியால் இரும்பை அறுக்கும் இயந்திரங்களும் ஓசூரில் தெருவுக்குத் தெரு உண்டு.

எங்கே தொடங்கலாம் என்றால் மொரப்பூர்தான் சரியான இடம். ஒரு பக்கம் 11 மி.மீ. பாதையில் பெரிய சரக்கு வண்டி, மறு பக்கம் 5 மி.மீ. பாதையில் அதன் பாதி அகலம்கூட இல்லாத தண்டவாளத்தில் நிற்கும் சின்ன வண்டி, நடுவே மூட்டை மாற்றும் மேடை. மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் 11 மி.மீ. உயரம் இருப்பார். அவரைப் படுக்க வைத்தால் பெரிய பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக அடங்குவார். 9 மி.மீ. தண்டவாளத்தை இரண்டு பக்கமும் போட்டுவிட்டால் அந்த மேடைக்கும் வேலையில்லை, அந்த ஆளுக்கும் வேலையில்லை.

மொரப்பூர் - தருமபுரி பாதையை அகலப் பாதையாக மீண்டும் போடும் திட்டத்துக்கு 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2004-ல் தனி மாவட்டத்தின் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு, திருப்பத்தூரிலிருந்து வந்த அந்தப் பாதை போன பிறகு வேறு பாதை வரவில்லை. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி - ஓசூர் ரயில் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.