சிரிப்பு யாருடையது? தமிழ்க் கிராமத்துக் காதல் நகைச்சுவைப் படம், 1972–2013

தொலைக்காட்சியின் நகைச்சுவை அலைவரிசைகள் ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை இன்றும் தனியே எடுத்துப் போடுகின்றன. கனகா யார், ராமராஜன் எதற்காக ஆடுகிறார் என்று தெரியாதவரும் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். ‘முந்தானை முடிச்சு’ படத்தில் பரிமளம் பஞ்சாயத்தார் முன் வாத்தியார்மேல் பொய்ப்பழி போடும் காட்சியை அப்படி வெட்டியெடுத்தால் பாதி போய்விடும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள கதை தெரிந்தால்தான் அது சிரிப்பா, வயிற்றெரிச்சலா என்பது விளங்கும். இரண்டும் கிராமத்துக் காதல் கதைகள்தாம். இரண்டும் மக்களைச் சிரிக்கவைத்து ஓடியவைதாம். ஆனால் முதலாவதில் சிரிப்பு காதலர்களுக்குப் பக்கத்தில் நடக்கிறது, இரண்டாவதில் காதலே சிரிப்பாக நடக்கிறது. இந்த இரண்டாம் வகை எப்படி உருவாயிற்று, ஏன் மறைந்தது, எந்த நிலையில் திரும்பி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நகைச்சுவையை நீக்கினால் காதல் கதை நிற்குமா என்ற ஒரே கேள்வியை அளவுகோலாகக் கொள்கிறேன்.

காதல் கதைக்குப் பக்கத்தில் ஓடும் இந்த நகைச்சுவைத் தனித்தடம் சினிமா கண்டுபிடித்ததல்ல. மேடை நாடகத்தில் பபூன் கதைக்கு வெளியிலிருந்து வந்து, ஆடிப் பாடிச் சிரிக்கவைத்துவிட்டுப் போவான். என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் அந்த வழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்து, பிறர் படங்களில் இடம்பெறச் செய்தார்கள். ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ (1959) அழவைக்கும் கதை. அதில் தங்கவேலு, சரோஜா இணையின் பகுதி மட்டும் தனியே சிரிக்கவைத்தது. அதே ஸ்ரீதர் ஐந்தாண்டு கழித்து ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) இந்தச் சுவரை இடித்தார். அங்கே காதலும் நகைச்சுவையும் ஒரே குடும்பத்துக்குள், ஒரே பொய்யைச் சுற்றி நடந்தன. ஆனால் அது ஆனைமலைப் பக்கத்து எஸ்டேட் பங்களாவின் கதை. ஊர் என்று ஒன்று அதில் இல்லை.

ஊர் வந்தது பி. மாதவனின் ‘பட்டிக்காடா பட்டணமா’வில் (1972). சோழவந்தான் மூக்கையனாகச் சிவாஜி கணேசன், இலண்டனில் படித்துத் திரும்பிய மனைவியாக ஜெயலலிதா. ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரிக் கதையின் சாயல் அதில் தெளிவாகவே தெரியும். இங்கே நகைச்சுவையை நீக்கினால் கதை நிற்காது என்பது உண்மை. ஆயினும் சிரிப்பு முழுவதும் பட்டணத்துப் பெண்ணின்மேல்தான் விழுகிறது. ஊர் தன்னைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரித்துக்கொள்ளவில்லை. நியாயம் முழுவதும் அதன் பக்கமே இருக்கிறது.

1976இல் ‘அன்னக்கிளி’, 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ என்று கேமரா ஸ்டுடியோ செட்டை விட்டு உண்மையான ஊர்களுக்குப் போனதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். (பாரதிராஜாவின் அந்த அசல் தமிழ்க் கிராமம் பெரும்பாலும் மைசூர், கொள்ளேகால் பக்கத்தில் படமாக்கப்பட்டது என்பதை மட்டும் பலர் சொல்வதில்லை.) என் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. பாரதிராஜாவின் ஊரில் சிரிப்பு ஓர் ஆயுதம். ‘16 வயதினிலே’யில் பரட்டையும் கூட்டாளிகளும் சப்பாணியைச் சீண்டிச் சிரிக்கிறார்கள். தன்னைச் சப்பாணி என்று கூப்பிடுபவனை அறையச் சொல்லி மயில் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். கூடி நின்று ஒருவனை நகைக்கும் இடமாகவே அந்த ஊர் படமாகியிருக்கிறது. திண்ணை, டீக்கடை, ஆற்றங்கரை எல்லாமே அடுத்தவரை வேடிக்கை பார்க்கும் இடங்கள். காதலுக்கு அங்கே மறைவிடம் கிடையாது.

இந்த மறைவின்மையை அவலத்திலிருந்து நகைச்சுவைக்குத் திருப்பியவர் பாரதிராஜாவின் உதவியாளராக இருந்த கே. பாக்யராஜ். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோயிலில் பிறந்தவர். ‘புதிய வார்ப்புகள்’ (1979) அவரை மூக்குக் கண்ணாடியோடு கிராமத்துக்கு வரும் வாத்தியாராக நிறுத்தியது. அதில் அவருக்குக் குரல் கொடுத்தவர் கங்கை அமரன். அந்தப் படம் நகைச்சுவைப் படமல்ல. ஆனால் சண்டை தெரியாத, ஊர்க்கண்ணுக்கு அஞ்சுகிற, எதையும் பேச்சால் சமாளிக்கப் பார்க்கிற நாயகன் அதில் பிறந்துவிட்டான். நாயகனே கேலிக்கு ஆளாகக்கூடியவனாக ஆனபின் தனி நகைச்சுவை நடிகருக்கு வேலை குறைகிறது.

‘தூறல் நின்னு போச்சு’ (1982) பெண் பார்க்கும் சடங்கில் தொடங்குகிறது. பெரியவர்களின் வரதட்சணைத் தகராறில் சம்பந்தம் முறிய, பையன் பெண்ணின் ஊருக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறான். கால் நூற்றாண்டு வில்லனாகவே பார்த்துப் பழகிய எம். என். நம்பியாரை அவனுக்குக் கம்பு சொல்லித்தரும் வாத்தியாராக்கியது பாக்யராஜின் துணிச்சல். பயமுறுத்தும் முகமும் அதே கிராமத்துச் சிரிப்புக்குள் வந்துவிட்டது.

ஏவிஎம் தயாரித்த ‘முந்தானை முடிச்சு’ (1983) இந்த வகையின் உச்சம் என்று கருதுகிறேன். மனைவியை இழந்து கைக்குழந்தையோடு ஊருக்கு வரும் வாத்தியாரைப் பரிமளம் விரும்புகிறாள். அவர் மறுக்க, தன்னைக் கெடுத்துவிட்டதாகப் பஞ்சாயத்தில் பொய் சொல்கிறாள். குழந்தையைத் தாண்டிச் சத்தியமும் செய்கிறாள். ஊர் நம்பிவிடுகிறது, கல்யாணம் நடந்துவிடுகிறது. அதுவரை பஞ்சாயத்து என்பது திரையில் பெண்ணைத் தண்டிக்கும் இடம். இங்கே ஒரு பெண் அதை ஏமாற்றித் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறாள். பெண்ணின் மானம் பற்றி ஊர் கொண்டிருக்கும் பதற்றம்தான் அவளுடைய கருவி. பொய்ச்சத்தியத்தைச் சிரிப்பாகக் காட்டியதை அன்றும் இன்றும் கண்டிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் படமும் அவளை எளிதில் விட்டுவிடவில்லை. கல்யாணத்துக்குப் பின் வாத்தியார் அவளைத் தொடுவதில்லை. மாற்றாந்தாய் தன் பிள்ளையை எப்படி நடத்துவாளோ என்ற பயம் அவருக்கு. முருங்கைக்காய்க் காட்சிகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. அவற்றைக் கொச்சை என்று ஒதுக்குபவர்கள், அந்தச் சிரிப்புக்கு அடியில் மன்னிக்கப்படாத ஒரு மனைவி இருப்பதைக் கவனிப்பதில்லை. கடைசியில் தனக்கென்று பிள்ளையே வேண்டாம் என்று கருத்தடை அறுவைக்கு அவள் துணியும்போது சிரிப்பும் கண்ணீரும் ஒரே கதைக்குள் முடிகின்றன. இந்தியில் இது ராஜேஷ் கன்னாவும் ஸ்ரீதேவியும் நடித்த ‘மாஸ்டர்ஜி’ (1985) ஆனது.

பாக்யராஜின் பட்டறையிலிருந்து வந்த பாண்டியராஜன் ‘ஆண் பாவ’த்தில் (1985) இன்னொரு படி போனார். பெண் பார்க்கப் போன பெரிய பாண்டி வீடு மாறிப் போய், வேறு பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்த் திரும்புகிறான். பார்க்கவேண்டிய வீட்டுப் பெண் ஏமாந்து நிற்கிறாள். இந்த ஒரு பிழையிலிருந்தே முழுப் படமும் விரிகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. சடங்கே தடுக்கி விழுகிறது. வி. கே. ராமசாமியின் தியேட்டர், நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியின் பாட்டி வேடம் என ஊரே குடும்பமாகிவிடுவதால், நகைச்சுவைக்கென்று தனி ஆள் தேவைப்படவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் தடங்கள் மீண்டும் பிரியத் தொடங்கியிருந்தன. கவுண்டமணி–செந்தில் இணையின் எழுச்சியே இதற்கு உடனடிக் காரணம். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) சோகக் கதை. அந்த இணையின் பெட்ரோமாக்ஸ் காட்சி அதன் நடுவே தனித்தீவாக நிற்கிறது. பாக்யராஜுக்கு ஒருகாலத்தில் குரல் கொடுத்த கங்கை அமரனே 1989இல் ‘கரகாட்டக்கார’னை இயக்கினார். அதன் நகைச்சுவைப் பகுதிகளை எழுதியவர் ஏ. வீரப்பன். கவுண்டமணியும் செந்திலும் நாயகனின் ஆட்டக் குழுவிலேயே இருப்பதால் இங்கே பிரிவு முழுமையானதல்ல. ஆனாலும் என் அளவுகோலில் படம் தேறவில்லை: வாழைப்பழமும் பழைய காரும் போனாலும் முத்தையா–காமாட்சி காதல் சேதமில்லாமல் நிற்கும். இந்த ஏற்பாட்டில் வணிக வசதியும் இருந்தது. நகைச்சுவை நடிகரின் கால்ஷீட்டைத் தனியே வாங்கி, அவருடைய எழுத்தாளர்களோடு சில நாட்களில் எடுத்து, படம் நெடுகத் தூவிவிடலாம். 1993இல் சன் டிவி வந்தபின் அந்தத் துண்டுகளுக்கு இரண்டாம் வாழ்வும் கிடைத்தது.

ஆழமான காரணம் கதையின் பக்கம் இருக்கிறது. 1990களில் ‘சின்ன கவுண்டர்’ (1992), ‘நாட்டாமை’ (1994) போன்ற படங்களில் பஞ்சாயத்துத் தலைவரே நாயகனானார். பரிமளம் ஏமாற்றிய அந்த இடம் இப்போது கும்பிடத்தக்கதாகிவிட்டது. தீர்ப்புச் சொல்பவனைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. ஆகவே சிரிப்பு வேலைக்காரர்களிடமும் எடுபிடிகளிடமும் ஒதுங்கியது. அடுத்த பத்தாண்டில் ‘காதல்’ (2004), ‘பருத்திவீரன்’ (2007) வழியாகக் கிராமத்துக் காதல் அரிவாளோடும் இரத்தத்தோடும் பிணைந்தது.

அந்தச் சூழலில்தான் ஏ. சற்குணத்தின் முதல் படமான ‘களவாணி’ (2010) தஞ்சை வட்டாரத்து வயல்வெளியிலிருந்து வந்தது. ஒன்றையொன்று பகைத்து நிற்கும் இரண்டு ஊர்கள், ஊர் சுற்றும் பையன், அந்தப் பக்கத்துப் பெண். இதை ‘பருத்திவீரன்’ போன்ற மதுரைப் படமாக எடுத்திருந்தால் இடைவேளைக்குள் ஒரு தலை உருண்டிருக்கும். சற்குணம் பகையைக் களவாணித்தனத்தால் கடக்கவிட்டார். விமலின் அறிக்கி நாயகனும் பபூனும் ஒன்றானவன். கஞ்சா கருப்புவின் ‘பஞ்சாயத்து’ தனித்தடம் போலத் தோன்றினாலும் அவன் அறிக்கியின் குறும்புகளுக்குப் பலியாகவே இருக்கிறான். மாதம் பிறந்தால் மகனுக்கு நேரம் நன்றாகிவிடும் என்று ஜோசியத்தை நம்பும் சரண்யாவின் அம்மா, வெளிநாட்டில் உழைக்கும் அப்பா, அந்தப் பணத்தில் வெட்டியாகத் திரியும் பிள்ளை என்று காவிரிப் படுகையின் பொருளாதாரமும் சேர்ந்தே சிரிக்கிறது.

பொன்ராமின் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ (2013) இந்த மரபின் வசூல் வெற்றி. அதன் சங்கடமும் அங்கேயேதான் இருக்கிறது. ஓடிப்போன மகளைச் சுட்டுக் கொன்றவர் என்று சத்யராஜின் சிவனாண்டியைப் பற்றி ஊர் பேசிக்கொள்கிறது. உண்மையில் மகளை வாழ அனுப்பிவிட்டு, ஊர் மெச்சுவதற்காகக் கொலைகாரன் என்ற பெயரைத் தாங்கியவர் அவர் என்பது முடிவில் தெரிகிறது. ஒரு பெண் ஊரை ஏமாற்றியது 1983; முப்பதாண்டு கழித்து ஊரை ஏமாற்றுபவர் தந்தை. மானத்தை நடிப்பு என்று காட்டியதில் படம் கூர்மையானது. ஆனால் 2012 நவம்பரில், ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தருமபுரி மாவட்டத்தில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே வந்த இப்படம் ஆணவக்கொலையை ஒரு வதந்தியாக்கிச் சிரித்துக் கலைத்தது. ‘தூறல் நின்னு போச்சு’ முதல் இதுவரை நான் எடுத்துக்கொண்ட இந்த வகைப் படங்கள் அனைத்திலும் காதலர்களுக்கு நடுவே வேறு தடைகள் எத்தனையோ உண்டு: வரதட்சணை, வீடு மாறியது, ஊர்ப்பகை, அப்பாவின் துப்பாக்கி. சாதியை அந்தத் தடையாக இவை வைக்கவில்லை. சாதியைத் தொட்ட ‘வேதம் புதிது’ (1987) போன்ற படங்கள் சிரிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே கதைக்குள் வைக்கும் கிராமத்துக் காதல் நகைச்சுவைப் படத்துக்கான இடம் 2013இல் காலியாகவே இருந்தது.