தென்னார்க்காடு முதல் நீலகிரி வரை: போர்க்கால ஓடுபாதைகளும் விமான விபத்துகளும்

செஞ்சி வட்டாரத்தின் வரலாறு எழுதப்படும்போது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைக்கும் கோட்டை மதிலும், தொண்டூர்க் குன்றிலுள்ள சமணர் கற்படுக்கைகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. செஞ்சியைப் போலவே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைக்கு அத்தகைய இடம் கிடைத்ததில்லை. எனினும், கோட்டை மதிலைப் போன்றே அந்த ஓடுபாதையும் படையெடுப்பு குறித்த அச்சத்தின் விளைவேயாகும்.

போருக்கு முன்பு தமிழ்நாட்டில் விமானம் என்பது காட்சிப்பொருளாகவும் அஞ்சல் ஊர்தியாகவுமே இருந்தது. சென்னையில் விடுதி நடத்திவந்த கார்சிகா தீவினரான ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் உருவான விமானத்தை 1910இல் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையில் பறக்கவிட்டார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே. ஆர். டி. டாட்டா பம்பாய்க்குக் கொண்டுவந்த அஞ்சலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச்சென்றபோது வழக்கமான வான்வழி அஞ்சல் தொடங்கியது.

இந்நிலையை மாற்றியது 1942ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம். இலங்கைக்குத் தெற்கே நெருங்கிவந்த ஜப்பானியக் கப்பற்படையை, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கேட்டலினா வகை விமானம் ஏப்ரல் 4 அன்று கண்டறிந்து எச்சரித்தது. மறுநாள் கொழும்பும், 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. சென்னை நகர மக்கள் பெருந்திரளாக உள்நாட்டுக்குப் பெயர்ந்தனர். கிழக்குக் கடற்கரையைக் காக்கவும் வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடவும் விமானத் தளங்கள் தேவைப்பட்டதால், உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், அரக்கோணம், செட்டிநாடு, கயத்தாறு முதலிய இடங்கள் போர்க்கால வான்தள வரிசையில் இடம்பெற்றன. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் கேட்டலினா விமானங்களுக்கு ஓடுபாதை தேவையில்லை என்பதால், செங்குன்றம் ஏரி அவற்றின் தளமாயிற்று. முழுச் சுமையுடன் எழும்பும் குண்டுவீச்சு விமானங்களுக்கோ கெட்டிப்படுத்தப்பட்ட நீண்ட பாதையும் தடையற்ற சமவெளியும் இன்றியமையாதவை. ஒரே குண்டில் பல விமானங்கள் அழியாதிருக்க அவற்றைச் சிதறலாக நிறுத்தும் இடங்களும் வேண்டியிருந்தன.

போர் முடிந்தபின் இத்தளங்களின் வழிகள் பிரிந்தன. பிரிட்டிஷ் கடற்படை பயன்படுத்திய சூலூர் இன்று இந்திய விமானப்படையின் முக்கியத் தளமாக விளங்குகிறது. அரக்கோணத்தில் 1992இல் ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை வான்தளம் தொடங்கப்பட்டது. சோழவரம் மோட்டார் பந்தயக் களமாகிப் பல பத்தாண்டுகள் புகழ்பெற்றிருக்க, உளுந்தூர்ப்பேட்டை வெற்றுநிலமாக எஞ்சியது.

ஓடுபாதைகள் சமவெளியின் வரலாற்றைச் சொல்வது போல, விபத்துகள் மலையின் வரலாற்றையும் கடலின் வரலாற்றையும் சொல்கின்றன. 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டி.சி.-3 விமானம் நீலகிரியின் வடபகுதியில் ரங்கசாமித் தூணுக்கு அருகே மோதியதில், புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவருடைய மனைவியும் உயிரிழந்தனர். குண்டடிபட்டுத் திரும்பிய போர்விமானங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது, திரும்பாதவற்றையும் கணக்கிட வேண்டும் என்னும் கோட்பாட்டுக்காக அறியப்படுபவர் அவர். அதே மலைத்தொடரில், 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததில் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்ளிட்டோர் இறந்தனர். எதிர்பாராத வானிலை மாற்றத்தால் அது மேகத்துக்குள் நுழைந்ததை விமானப்படையின் விசாரணை சுட்டிக்காட்டியது. தாம்பரத்திலிருந்து 29 பேருடன் 2016 ஜூலை 22 அன்று போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு மறைந்த ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகளோ, சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் இருப்பது 2024 ஜனவரியில்தான் அறியப்பட்டது.

வால்டின் கோட்பாடு வட்டார வரலாற்றுக்கும் பொருந்தும்: பயன்பாட்டில் நிலைத்த தளங்களை மட்டும் கொண்டு எழுதப்படும் வான்வழி வரலாறு குறையுடையதே. கோட்டைகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் செய்யப்பட்டதைப் போல, கைவிடப்பட்ட ஓடுபாதைகளையும் அளந்து, படமெடுத்து, மாவட்ட வரலாற்று ஏடுகளில் சேர்க்க வேண்டும். நிலம் வேறு பயன்பாட்டுக்கு மாறுவதற்கு முன் அதைச் செய்வதே பயனளிக்கும்.