டார்வின் பாடம்: ஒரே ஊர், ஒரே வயசு... ஒருவருக்கு உண்டு, இன்னொருவருக்கு இல்லை ஏன்?

கடலூரில் ஒரே தெருவில் 10-ம் வகுப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாநிலப் பாடத்திட்டம், இன்னொருவர் சிபிஎஸ்இ. முதல் பிள்ளையின் அறிவியல் புத்தகத்தில் பரிணாமத்துக்குத் தனிப் பாடமே இருக்கிறது. இரண்டாவது பிள்ளையின் புத்தகத்தில் இருந்த பகுதியை 2022-ல் எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள்? அதனால் என்ன நஷ்டம்?

என்ன நடந்தது?

சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் பாடநூல் தயாரிப்பது என்சிஇஆர்டி. அதன் 10-ம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்று ஓர் அத்தியாயம் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, 2022-ல் பல பாடங்களைக் குறைத்தார்கள். அதில் பரிணாமப் பகுதி போய், அத்தியாயத்தின் பெயர் ‘மரபு’ என்று மட்டும் ஆனது.

2023 ஏப்ரலில் 1,800-க்கும் அதிகமான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துத் திறந்த கடிதம் எழுதினார்கள். 12-ம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் முழுமையாக இருக்கிறது, டார்வினை யாரும் நீக்கவில்லை என்பது மத்திய அரசின் பதில்.

அப்போ பிரச்சினை என்ன?

12-ம் வகுப்பில் இருப்பது உண்மைதான். ஆனால் உயிரியல் எடுப்பவர்கள் மட்டும்தான் அதைப் படிப்பார்கள். 10-ம் வகுப்பு முடித்து காமர்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று போகும் மாணவர், பரிணாமம் என்ன என்பதை வகுப்பறையில் கேட்காமலேயே பள்ளியை முடிக்கலாம். விஞ்ஞானிகளின் கவலை இதுதான்.

இது திடீரென வந்த விவாதமும் இல்லை. 2018 ஜனவரியில், அப்போது மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்ரீதியாகத் தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்பது அவர் வாதம். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை வெளியிட்டன.

குரங்கிலிருந்தா மனிதன் வந்தான்?

இல்லை. இன்றைக்கு இருக்கும் குரங்கு நாளைக்கு மனிதனாகும் என்று பரிணாமக் கோட்பாடு சொல்லவே இல்லை. மனிதனுக்கும் இன்றைய குரங்குகளுக்கும் பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்னால் பொதுவான மூதாதை இருந்தது என்றுதான் சொல்கிறது.

“வெறும் தியரிதானே?” என்பது இன்னொரு கேள்வி. பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் அப்படி இல்லை. நிறைய ஆதாரங்களை ஒன்றாக இணைத்து விளக்கி, சோதனைக்கும் தாக்குப்பிடித்த விளக்கத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர்.

‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்றால் என்ன?

உயிரினங்கள் இவ்வளவு நுட்பமாக இருப்பதால், ஓர் அறிவு திட்டமிட்டுத்தான் படைத்திருக்க வேண்டும் என்ற வாதம். அமெரிக்காவில் இதை அறிவியல் வகுப்பில் கொண்டுவர முயற்சி நடந்தது. பென்சில்வேனியாவின் டோவர் பகுதிப் பள்ளி நிர்வாகத்தை எதிர்த்துப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இது அறிவியல் அல்ல, மதக் கருத்தின் இன்னொரு வடிவம் என்று 2005 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியப் பாடநூல்களில் இந்த வாதம் நுழையவில்லை. இங்கே சண்டை, எதைச் சேர்ப்பது என்பதில் இல்லை. எதை எடுப்பது என்பதில்தான்.

பிச்சாவரம் என்ன சொல்கிறது?

சிதம்பரம் பக்கத்தில் பிச்சாவரத்துக்குப் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை கண்டல் மரத்தின் சுவாச வேர்கள். அதன் இலையே உப்பை வெளியே தள்ளும். சுரபுன்னையின் விதை, தாய் மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும்.

இவ்வளவு கச்சிதமா இருக்கே, யாரோ வடிவமைச்சதுதானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உறவு பார்த்தால் கதை மாறுகிறது. வெண்கண்டல், ஆடாதொடை இருக்கும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த தில்லை மரம், ஆமணக்குக் குடும்பம். ஒரே உப்புத் தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் நெருங்கிய சொந்தங்கள் கரையில் இருக்கும் வேறு வேறு செடிகள்.

காரணம் என்ன? வெவ்வேறு தரைத் தாவரங்களின் வழித்தோன்றல்கள் தனித்தனியாக உப்புச் சேற்றுக்குப் பழகின. ஒவ்வொரு தலைமுறையிலும் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியவை அதிகம் பிழைத்தன, அதிகம் விதை விட்டன. இதுதான் இயற்கைத் தேர்வு. இந்த உறவுமுறையை டிஎன்ஏ பரிசோதனையில் சரிபார்க்க முடியும். வடிவமைப்பு வாதத்தில் அப்படிச் சரிபார்க்க வழி இல்லை.

பக்கத்து விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வு மையம். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியும் பழங்காலத் தாவரங்களின் மிச்சம்தான்.

படிக்காவிட்டால் என்ன ஆகும்?

* நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி, அடித்த மருந்துக்கே சாகாமல் போவது ஏன்? மருந்தைத் தாங்கியவை பிழைத்து, பெருகுவதால்.
* ஆன்டிபயாடிக் மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டால் கிருமி ஏன் அடங்காது? அதே காரணம்.
* கொரோனா ஏன் புதிது புதிதாக உருமாறி வந்தது? அதுவும் பரிணாமம்தான்.

விவசாயி, மருந்துக்கடைக்காரர், நோயாளி என எல்லோருக்கும் தேவைப்படும் விஷயம் இது. டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு மட்டும் உரியது இல்லை.

கடவுள் நம்பிக்கைக்கு எதிரானதா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால் சொன்னார். உயிரினங்கள் எப்படி மாறின என்பதுதான் அறிவியலின் கேள்வி. வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்பது வேறு கேள்வி. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவும் சொல்கிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் இந்தப் பாடம் இல்லையென்றால், மாநில 10-ம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பாடத்தைப் படிக்கச் சொல்லலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த முறை பிச்சாவரம் போகும்போது, செல்ஃபி எடுத்த கையோடு அந்தச் சுவாச வேர்களையும் காட்டுங்கள். “இது ஏன் மேல்நோக்கி வளருது?” என்று பிள்ளை கேட்டால், பாடம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.